அயர்ன்கேட் நான்தான்

மூடுபனியை எடுத்துவிட்டார்களாம்.

இன்று இடைவேளையில், ஆசிரியர் அறையில் பிளேன்டீயை வாயருகே கொண்டுபோனபோது போனில் அந்தச் செய்தி வந்தது. உன் கம்பியூட்டர் விளையாட்டு மறுபடி வெளிவரப்போகிறது. படங்களைத் துலக்கியிருக்கிறார்கள், சண்டைகளைச் சீர்செய்திருக்கிறார்கள். பனி வேண்டாம் என்பவர்கள் ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம். செய்திக்குக் கீழே வழக்கமான சண்டை தொடங்கிவிட்டிருந்தது. "அப்பாடா, இனிமேலாவது கண் தெரியும்" என்று ஒருவர். "பனியை எடுத்தால் அதில் மிச்சம் என்ன இருக்கிறது?" என்று இன்னொருவர். "அன்றைக்கே யாரும் வாங்காத பண்டம், இன்றைக்கு மட்டும் வாங்கப்போகிறார்களா?" என்று மூன்றாமவர்.

ஜன்னலுக்கு வெளியே நமுனுகுல மலை இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. மைதானத்தில் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு பிள்ளையும் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் அந்நேரமே கூப்பிட்டிருப்பாய். "மச்சான், இவனுங்கள இங்க ஒரு கெழம கொண்டாந்து வைக்கணும்டா. மூணு அடிக்கு மேல தெரியலன்னா நடக்க மாட்டானுங்களா?" என்று கத்தியிருப்பாய். நான் சிரித்திருப்பேன். பிறகு வீட்டுக்குப் போய், வேறு ஒரு பெயரில், உனக்கு எதிராக எழுதியிருப்பேன்.

அதைச் சொல்லத்தான் இந்த மடல். உயிரோடு இருந்த உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது.

பண்டாரவளைச் சந்தைக்கு மேலே ஏறும் தெருவில், அந்தக் கம்பியூட்டர் கடையில்தான் நாம் பழகினோம். ஒரே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள்தான் என்றாலும் நீ மேல் டிவிஷன், நான் கீழ் டிவிஷன். பள்ளிக்கூடத்தில் முகம் தெரியும், அவ்வளவுதான். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். நீ அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்திருந்தாய். பழுதான கணினிகளைத் திறந்து தூசு தட்டுவது நம் வேலை. முதலாளி கொழும்பிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவரும் விளையாட்டுச் சீடிகளை அடுக்கி விற்பதும் நம் வேலை.

யாரும் எடுக்காத சீடிகள் ஒரு பிஸ்கட் பெட்டியில் கிடக்கும். அதில் ஒன்றுதான் இது. உறையில் அச்சு மங்கி, ஏதோ ஓர் ஐரோப்பிய மொழியில் நீளமான பெயர். நமக்கு வாயில் நுழையவில்லை. போட்டுப் பார்த்தால் திரை முழுக்கப் பனி. "மூடுபனி" என்று நீதான் பெயர் வைத்தாய். கழித்துப்போட்ட பாகங்களைச் சேர்த்து நீ ஒரு கணினியைப் பொருத்தி வீட்டுக்குக் கொண்டுபோனபோது, முதலாளி அந்தச் சீடியையும் கையில் தந்து, "இதையும் கொண்டு போ, இங்க எடத்த அடைக்குது" என்றார்.

தெரியாதவர்களுக்கு அந்த விளையாட்டை எப்படி விளங்கப்படுத்துவது? மந்திரமும் பூதங்களும் இருக்கும் ஒரு மலைநாடு. நாம் ஒரு வீரனாக இல்லை, சுமைகாரனாகத் தொடங்குகிறோம். வாள் ஒன்று கிடைக்கும். அதை வீசினால் பாதி நேரம் காற்றில்தான் படும். வரைபடம் கிடையாது. சுமை கூடினால் நடை தளரும். மலை உச்சியில் ஒரு கிராமம். அந்த மலைக்குள் ஒரு பூதம் தூங்குகிறது, விழிக்கப்போகிறது. அதற்குள் ஊர்ச் சனங்களைக் கீழே இருக்கும் பாலத்துக்குக் கூட்டிவர வேண்டும். நாம் கூப்பிடுவோம். அவர்கள் வர மாட்டார்கள். மலை சரியும். கதை முடியும்.

இந்த முடிவுக்காகவே பலர் அதைத் திட்டினார்கள். அறுபது மணிநேரம் ஆடவைத்துவிட்டு இப்படியா முகத்தில் அடிப்பது என்றார்கள். இசை நன்று என்றவர்கள்கூட நடையைப் பொறுக்கவில்லை. எழுத்து ஆழமானது என்றவர்கள் சண்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். பழைய கணினிகளால் தூரத்து மலைகளைக் காட்ட முடியாது, அதை மறைக்கத்தான் பனியைப் போட்டார்கள் என்று ஒரு கூட்டம் சொன்னது. அது உண்மையும்கூட. உலகம் முழுவதும் தேடினாலும் அதை விரும்புகிறவர்கள் சில நூறு பேர் இருந்திருக்கலாம். அவர்கள் கூடிப் பேச இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. நீ அதைக் கண்டுபிடித்தாய்.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நீ எழுதிய முதல் கட்டுரையின் இங்கிலிஷை நான்தான் திருத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? நான் திருத்திய கட்டுரைக்கு இரண்டு பேர் பதில் போட்டார்கள். நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனபிறகு, திருத்த ஆளில்லாமல் நீயே எழுதி அனுப்பிய கட்டுரைதான் பேர் வாங்கியது. இலக்கணம் நொண்டியது, ஆனால் உன் குரல் இருந்தது. சுமையோடு மேட்டில் ஏறுகிறவன் எங்கே மூச்சு வாங்குவான், எந்தத் தோளிலிருந்து எந்தத் தோளுக்கு மாற்றுவான் என்பதையெல்லாம் விளையாட்டைச் செய்தவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் சொன்னாய். அந்தக் கிராமத்தார் சும்மா கூப்பிட்டால் வர மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அவர்கள் கேட்கும் சின்னச் சின்ன வேலையைச் செய்துகொடுத்தால் வருவார்கள் என்றாய். தண்ணீர் தூக்குவது, விறகு கொண்டுவருவது, கூரைத் தகரத்துக்குக் கல் வைப்பது. எல்லாரும் சலித்துத் தாண்டிப்போகும் வேலைகள். "ஒரு வீட்டையும் விடாமல் செய்தேன். எல்லாரும் பாலத்துக்கு வந்தார்கள்." கட்டுரையின் கடைசி வரி அதுதான்.

மன்றம் இரண்டாகப் பிளந்தது. இது புது வாசல் என்றார்கள் ஒரு பக்கம். கற்பனை என்றார்கள் மறு பக்கம். எங்கெங்கோ இருந்தவர்கள் உன்னைக் கேள்வி கேட்டார்கள். ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் உனக்குத் தனியாக எழுதினார். அதை நீ எனக்குப் போனில் வாசித்துக்காட்டினாய். "ஒன் இங்கிலிஷ மாத்தாதன்னு சொல்றாரு மச்சான்!"

நான் "நல்லது மச்சான்" என்றேன். அதைச் சொன்ன வாய் கசந்தது. படித்தவன் நான். கலாசாலைக்குப் போனவன் நான். என் பெயர் தெரிந்த ஆள் பதுளை மாவட்டத்துக்கு வெளியே ஒருவர்கூட இல்லை. அந்தக் கிழமைதான் மன்றத்தில் அயர்ன்கேட் என்ற பெயரில் சேர்ந்தேன்.

முதலில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத மாற்றுக் கருத்தைச் சொல்ல ஒரு முகமூடி, அவ்வளவுதான் என்று. கிராமத்தார் வருவது தற்செயல், நிரல் எழுதியவர்களின் பிழை, இதில் மானிட தத்துவம் ஏதும் இல்லை என்று எழுதினேன். நீ வரிவரியாகப் பதில் எழுதினாய். நான் உன் பதிலை வரிவரியாகக் கிழித்தேன். என் பக்கத்துக்கும் ஆட்கள் சேர்ந்தார்கள். சனிக்கிழமைகளில் நீயும் நானும் பண்டாரவளையில் ரோல்ஸ் கடித்துக்கொண்டு நிற்கும்போது, "அந்த அயர்ன்கேட்டுப் பய நேத்து என்ன எழுதியிருக்கான் தெரியுமா?" என்று தொடங்குவாய். நான் உன்னோடு சேர்ந்து அவனைத் திட்டுவேன். உன் அடுத்த பதில் என்ன என்பதை நீ எழுதும் முன்பே அறிந்துகொண்டு வீட்டுக்குப் போவேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டை நான் மூன்றில் ஒரு பங்கு தாண்டவில்லை. முதல் பெரிய ஏற்றத்தில் அலுத்து விட்டுவிட்டேன். நீ ஒருமுறை, "முடிச்சியா?" என்று கேட்டபோது, "எப்பவோ" என்றேன்.

பிறகு அந்த வரி வந்தது.

தேயிலைக் காட்டு மேட்டில் உட்கார்ந்திருந்த ஒரு நாள் நீ எனக்குச் சொன்னாய்: "மச்சான், நான் பதுளையத் தாண்டிப் போனதே இல்லடா. கடல நேர்ல பார்த்ததில்ல. அந்த வெளையாட்டுல நடந்து நடந்து ஒரு நாள் கடலுக்கு எறங்கினேன் பாரு, மெசினுக்கு முன்னாடி அழுதுட்டேன்." யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன். அயர்ன்கேட் எழுதினான்: "இந்த விளையாட்டை நேசிக்கிறவர்கள், சொந்த வாழ்க்கையில் போவதற்கு ஓரிடமும் இல்லாதவர்கள். எங்கேயும் போகாதவனுக்குத்தான் மெதுவாக நடப்பது சுகமாக இருக்கும்."

நாற்பது பேர் அதற்குக் கைதட்டினார்கள்.

நீ மூன்று கிழமை எழுதவில்லை. சனிக்கிழமை வந்தபோது ரோல்ஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாய்.

"அவனுக்கு எப்படி மச்சான் தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுது?"

"நான் எங்கயும் போகாதவன்னு."

"இன்டர்நெட்டுல எவனோ ஒளறுறான். விடு."

"இல்ல. தெரிஞ்சவன் மாதிரி எழுதுறான்."

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். அன்றிலிருந்து அயர்ன்கேட் மன்றத்தில் எழுதவில்லை. வெட்கத்தினால் என்று சொல்ல ஆசை. பயத்தினால்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் உன் கால்கள் வீங்கத் தொடங்கின. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் நீ பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க, இயந்திரம் உன் இரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பித் தந்தது. உன் தங்கை செல்வி, கொழுந்து எடுக்கும் வேலையில் ஒரு நாளை விட்டுவிட்டுக் கூட வருவாள். மற்ற நாள் நான் வருவேன். அம்மாவால் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது.

அப்படி ஒரு நாள் முற்பகல். உன் இடக்கையில் ஊசி ஏறியிருந்தது, வலக்கையால் மட்டும் போனைப் பிடித்துத் தட்ட முடியவில்லை.

"மச்சான், ஒரு லெட்டர் அடிக்கணும். நான் சொல்றேன், நீ இங்கிலிஷ்ல போடு."

"யாருக்கு?"

"அயர்ன்கேட்டுக்கு."

செல்வியும் அன்று வந்திருந்தாள். கால்மாட்டில் நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. "அவனுக்கு எதுக்கு?" என்றேன்.

"எல்லாரும் நல்லாருக்குன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போயிருவாங்கடா. இவன் ஒருத்தன்தான் நான் எழுதினத ஒரு வரி விடாம வாசிச்சவன்."

நீ சொல்லச் சொல்ல, உன் போனில் தட்டினேன். 'ஐயா, நீங்கள் எழுதுவதை நிறுத்தியது எனக்கு நல்லதாகப் படவில்லை. நான் எங்கேயும் போகாதவன் என்றீர்கள். அது சரி. ஆனால் மெதுவாக நடப்பது எனக்குச் சுகம் என்றது தப்பு. அது சுகம் இல்லை, எங்களுக்கு வேறு நடை தெரியாது. எனக்கு உடம்பு சரியில்லை. முடிந்தால் ஒரு முறை எல்லா வீட்டுக்கும் சுமந்து பாருங்கள். பாலத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.'

நான் எழுதி அனுப்பினேன். என் சட்டைப்பையில் என் போன் அதிர்ந்தது. நீ கண்ணை மூடியிருந்தாய்.

அடுத்தடுத்த முறை வரும்போதெல்லாம், "பதில் வந்துச்சா?" என்பதுதான் உன் முதல் கேள்வி. மூன்று முறை இல்லை என்றேன். நான்காம் முறைக்கு முதல் நாள், பாடசாலை விட்டபின் வகுப்பறையில் உட்கார்ந்து அயர்ன்கேட்டாகப் பதில் எழுதினேன். நல்ல மனிதனாக எழுதினேன். 'நண்பரே, முதலிலிருந்து மறுபடி ஆடினேன். ஒரு வீட்டையும் விடவில்லை. நீங்கள் சொன்னது சரி. எல்லாரும் வந்தார்கள்.'

அடுத்த நாள் அதை உனக்குத் தமிழில் வாசித்துக்காட்டினேன். நீ தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தாய்.

"எல்லாருமா?"

"ஆமா."

"மச்சான், நல்லா வாசி. எல்லாரும்னா எழுதியிருக்கான்?"

"எல்லாரும்னுதான்டா போட்டிருக்கு."

நீ சிரித்தாய். பிறகு சிரிப்போடு அழுதாய்; தாதி வந்து ஊசியைப் பார்க்கும் அளவுக்கு உடம்பு குலுங்கியது. அன்றும் கூட வந்திருந்த செல்வி உன் முகத்தைத் துடைத்துவிட்டு, "அண்ணன் ஜெயிச்சிருச்சு!" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு சின்ன விஷயம் ஒரு மனிதனுக்கு இத்தனை சந்தோஷம் தருமென்றால், பொய்யில் என்ன குற்றம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு நீ மூன்று கிழமைதான் இருந்தாய்.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்த அன்று, செல்வி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். "அண்ணே, அந்த அயர்ன்கேட்டு ஐயாவுக்கு அண்ணன் தவறினத அறிவிச்சிட்டீங்களா? அவரு லெட்டரு வந்தப்பதான் அண்ணன் கடைசியா சிரிச்சுச்சு. ஒரு நன்றி சொல்லணும்."

என்னால் முடியவில்லை. அங்கேயே, கழற்றிப் போட்ட பந்தல் கம்புகளுக்குப் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்தபிறகு அவள் என் கையிலிருந்த கோப்பையையே பார்த்தாள்.

"ஒங்க பாரத்த எறக்கி வச்சிட்டீங்க. இனி நான் தூக்கணும். எங்கிட்ட அண்ணனோட ஒரு நல்ல நாளு இருந்துச்சு. அதையும் எடுத்துக்கிட்டீங்க, சேர்."

'அண்ணே' போய் அந்த 'சேர்' தொடங்கியது அன்றுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் பெற்றாரும் தினமும் நூறு தரம் சொல்லும் சொல்தான். அவள் வாயிலிருந்து வந்தபோது படலை ஒன்று சாத்தப்பட்டதுபோல இருந்தது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளே சொல்லி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை போனேன். உன் கணினி மேசைமேல் துணி போர்த்தி இருந்தது.

"எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. வெளிநாட்டுக்காரங்க எல்லாம் வாசிக்கிறாங்க, கூடப் பொறந்தவளுக்கு அண்ணன் என்ன எழுதுச்சுன்னு தெரியாது. எல்லாத்தையும் தமிழ்ல வாசிங்க. நீங்க எழுதினதையும் சேர்த்து வாசிங்க."

வாசித்தேன். உன் கட்டுரையை. என் மறுப்பை. உன் பதிலை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எங்கேயும் போகாதவன் என்ற வரி வந்தது. இங்கிலிஷில் அது ஒரு கூர்மையான வாக்கியம். தமிழில், உன் வீட்டுக்குள், உன் அம்மாவுக்கு முன்னால் சொன்னபோது அது ஒரு மனிதனின் முகத்தில் துப்புவது. அம்மா எழுந்து கோழிக்குத் தீனி போடப் போனார்.

கடைசியாக அயர்ன்கேட்டின் நல்ல கடிதத்தை வாசித்தேன். செல்வி கேட்டாள்: "இது மெய்யா? எல்லா வீட்டுக்கும் தூக்கிப் பாத்துட்டுத்தான் எழுதினீங்களா?"

"இல்ல. நான் அந்த விளையாட்ட முடிச்சதே இல்ல."

அவள் கணினியின் துணியை எடுத்து மடித்தாள். "அப்ப முடிங்க, சேர். இங்கயே ஒக்காந்து முடிங்க. அண்ணன் சேமிச்சு வச்சதத் தொடாதீங்க. புதுசா தொடங்குங்க."

ஞாயிறு ஞாயிறாகப் போனேன். ஏறக்குறைய ஏழு மாதம். அவள் போஞ்சி நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ பின்னால் இருப்பாள். நான் சுமப்பேன். என் கருத்தைக் கேட்டால் இப்போது நேர்மையாகச் சொல்வேன்: சண்டை மோசம், நீ எவ்வளவு வாதாடினாலும் மோசம். பாதியில் வரும் சுரங்கத்தை வெட்டி எறிந்திருக்கலாம். ஆனால் சுமை விஷயத்தில் நீ சொன்னது அத்தனையும் சரி. நாலாவது வீட்டுக்குத் தண்ணீர் தூக்கும்போது எனக்கே தோள் மாற்ற வேண்டும் போலிருந்தது. பனிக்குள் ஒரு விளக்கு தெரிந்து, அது யார் வீட்டு விளக்கு என்று தெரிகிறபோது வரும் ஆறுதலை, பனியை நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறவன் அறியப்போவதில்லை.

கடைசி ஞாயிறு. ஒரு வீடு பாக்கியில்லாமல் செய்து முடித்தேன். மலை உறுமத் தொடங்கியது. கூப்பிட்டேன். கதவுகள் திறந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஆட்டைப் பிடித்துக்கொண்டு, சனங்கள் இறங்கினார்கள். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும். செல்வி எழுந்து பக்கத்தில் வந்தாள்.

பாலத்தில் எண்ணிப்பார்த்தால் ஓர் ஆள் குறைந்தது. திரும்பி மேலே ஏறினேன். கடைசி வீட்டு வாசலில் ஒரு கிழவர் கையை முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு விறகும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன், கூரைக்குக் கல்லும் வைத்திருந்தேன். பேசினால், "நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். எத்தனை முறை பேசினாலும் அதே பதில். மலை சரிந்தது.

எதையோ தவறவிட்டேன் என்று நினைத்தேன். நீ எப்படிச் செய்தாய் என்று பார்க்க, செல்வியிடம் கேட்டு, நீ சேமித்தவற்றின் பட்டியலைத் திறந்தேன். ஒரே இடத்தில் சேமித்தவை, ஒன்றின்கீழ் ஒன்றாக, திரை கொள்ளாமல் நீண்டன. எல்லாம் அந்தக் கடைசி வீட்டு வாசலில். ஒன்றைத் திறந்தேன்; கிழவர் உட்கார்ந்திருந்தார். அடுத்ததைத் திறந்தேன், உட்கார்ந்திருந்தார். அவருக்கு நீ தேன் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாய், கம்பளி கொடுத்திருந்தாய், உன்னிடமிருந்த அத்தனையையும் அவர் காலடியில் வைத்துப் பார்த்திருந்தாய்.

"அப்பா மாதிரியே ஒக்காந்திருக்காரு" என்றாள் செல்வி.

உன் அப்பாவைப் பற்றி இந்த மடலில் இதுவரை நான் எழுதவில்லை. நீயும் நானும் அவரைப் பற்றிப் பேசியதே இல்லை. மீரியபெத்தத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர் லயன் வீடுகளை மூடிய பிறகு, பலத்த மழை என்றாலே நம் தோட்டத்திலும் சனங்களைப் பாடசாலைக்கு இறங்கச் சொல்வார்கள். நீ பள்ளிக்கூடத்தை விட்ட வருடம், அப்படி ஒரு மழையில் அம்மாவையும் தங்கையையும் கீழே கொண்டுவந்து விட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட மேலே ஓடினாய். "நீ போடா, நான் பாத்துக்கிறேன்" என்று அவர் லயத்து வாசலிலேயே இருந்தார். இரண்டாம் முறை நீ ஏறுமுன் மேட்டு மண் வரிசைக் கடைசியில் இருந்த உங்கள் காம்பராவின் மேல் வந்துவிட்டது. ஊரே அறிந்த கதை. அதன் பிறகுதான் நீ கடைக்கு வந்தாய். பிஸ்கட் பெட்டியிலிருந்து அந்தச் சீடியை எடுத்தாய்.

எல்லாரும் பாலத்துக்கு வந்தார்கள் என்று நீ எழுதியது பொய். அந்த ஒரு கிழவரை மட்டும் கீழே கூட்டிவர வழி இல்லை என்று உன்னால் எழுத முடியவில்லை, விளங்குகிறது. பாலத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று எழுதுங்கள் என்று ஊசி ஏறிய கையோடு நீ எதிரியிடம் கேட்டது எதற்கென்றும் விளங்குகிறது. அவரைக் கூட்டிவர ஒரு வழி இருக்கிறதா என்று நீ கேட்டாய். நான், ஒரு வீட்டுக்கும் போகாதவன், எல்லாரும் வந்தார்கள் என்று எழுதினேன்.

செல்வி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப அன்னிக்கு ஆஸ்பத்திரியில அண்ணன் அழுதுச்சே. அந்தக் கெழவர யாரோ ஒருத்தர் எறக்கிட்டாங்கன்னு சந்தோசப்பட்டா? இல்ல, தன்னால முடியாமப் போச்சேன்னா?"

"தெரியல" என்றேன்.

"நெனச்சுப் பாருங்க, சேர்."

நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன் முகத்தைத் திரும்பத் திரும்ப மனதில் கொண்டுவந்து பார்க்கிறேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தேடுகிறேன். சில நாள் அது நிம்மதியாகத் தெரிகிறது. சில நாள், சாகிற ஒருவனிடம் 'உன் அப்பாவைக் காப்பாற்ற வழி இருந்தது, உனக்குத்தான் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிய ஆளாக என்னைப் பார்க்கிறேன்.

இன்று அந்தச் செய்திக்குக் கீழே ஒருவர் உன் கட்டுரையைப் போட்டு, இது உண்மையா, யாராவது செய்து பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். பலர் உண்டு என்றார்கள், சிலர் கட்டுக்கதை என்றார்கள். செய்து பார்த்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. உன்னைத் தோற்கடிக்க முதல் தடவையாகக் கையில் ஆதாரம் இருந்தது. மணி அடித்துவிட்டது. என் சொந்தப் பெயரில், "என் நண்பன் ஒரு வீட்டையும் விடவில்லை" என்று மட்டும் எழுதிவிட்டு, வகுப்புக்குப் போனேன்.